‘ஆந்தாலஜி 1’: பீட்டில்ஸின் புகழுக்கு முந்தைய பதிவுகளும் பிந்தைய ஒரு பாடலும்

1995 நவம்பரில் வெளியான, இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான பீட்டில்ஸின் ‘ஆந்தாலஜி 1’ இரண்டு குறுந்தகடுகளில் 60 பதிவுகளைக் கொண்டது. வெளியான முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் 8 லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றன. 2025 நவம்பரில் அதன் ஒலி மறுசீரமைக்கப்பட்டு, ஆந்தாலஜி வரிசையின் புதிய நான்காம் தொகுப்போடு சேர்ந்து மீண்டும் கடைகளுக்கு வந்திருக்கிறது. பீட்டில்ஸின் பிரபலமான பாடல்களை அவற்றின் பிரபலமான வடிவில் கேட்க விரும்புவோருக்கு இதில் ஏறத்தாழ எதுவுமே இல்லை. ஒத்திகைகள், நிராகரிக்கப்பட்ட பதிவுகள், வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், பாதியில் நின்றுபோன முயற்சிகள் ஆகியவையே இதன் சரக்கு. அப்படியிருந்தும் முதல் குறுந்தகடு ஒன்றுக்காகவே இத்தொகுப்பை வாங்கலாம் என்பது என் கருத்து. யார் பாடுவது, யார் எழுதுவது, யார் எந்தக் கருவியை வாசிப்பது என்ற பங்கீடு இன்னும் முடிவாகாத ஒரு குழுவை இதில் கேட்க முடிகிறது. புகழ் வந்த பிறகு அந்தப் பங்கீடு இறுகிவிட்டது. குழு கலைந்த பின்னர் ஒவ்வொருவரும் அதிலிருந்து விடுபட எடுத்துக்கொண்ட முயற்சிதான் அவர்களது தனி இசைவாழ்வின் பெரும்பகுதி.

காலவரிசையில் முதலாவது, 1958 ஜூலையில் லிவர்பூலின் கென்சிங்டன் பகுதியில் பெர்சி பிலிப்ஸ் என்பவர் தம் வீட்டில் நடத்திவந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான இசைத்தட்டு. அப்போது குழுவின் பெயர் குவாரிமென். ஜான் லெனனுக்கு 17 வயது, பால் மெக்கார்ட்னிக்கு 16, ஜார்ஜ் ஹாரிசனுக்கு 15. உடன் இருந்தவர்கள் பியானோ வாசித்த ஜான் டஃப் லோவும் டிரம்ஸ் வாசித்த காலின் ஹான்டனும். கட்டணம் 17 ஷில்லிங் 6 பென்ஸ். அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு தட்டு. அதை ஐவரும் முறைவைத்து வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். கடைசியாக அது லோவின் கைக்குப் போய், அங்கேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் தங்கிவிட்டது. 1981-இல் மெக்கார்ட்னி அதை அவரிடமிருந்து விலைக்கு வாங்கிய பிறகுதான் இந்தப் பதிவு பத்திரமானது.

தட்டின் ஒரு பக்கம் அமெரிக்க ராக் பாடகர் பட்டி ஹாலியின் பாடல் ஒன்று. மறுபக்கத்தில் உள்ள ‘இன் ஸ்பைட் ஆஃப் ஆல் தி டேஞ்சர்’ அவர்களே இயற்றியது. இயற்றியவர்களாக மெக்கார்ட்னி, ஹாரிசன் என்ற இரு பெயர்கள் உள்ளன. இந்த இணையில் வெளிவந்த பாடல் வேறு எதுவுமில்லை. முன்னணிக் குரல் லெனனுடையது. ஊசியின் கீறல் ஒலி கனமாகவே இருக்கிறது, ஹான்டனின் டிரம்ஸ் அடுத்த அறையில் ஒலிப்பதுபோலக் கேட்கிறது, ஆனால் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில், இந்தச் சிறுவர்கள் பிற்காலத்தில் எதற்காகப் பேசப்பட்டார்களோ அதன் முதல் தடயம் தெளிவாகத் தெரிகிறது. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அசலில் மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் இந்தப் பாடல், இத்தொகுப்பில் வெட்டிச் சுருக்கப்பட்டிருக்கிறது. வரலாற்று ஆவணம் என்று பெயர் சூட்டி விற்கும் ஒன்றில், இருப்பதிலேயே அரிதான பதிவில் கத்திரி வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஹான்டன் பிறகு குழுவை விட்டு விலகி, இருக்கைகளுக்கு மெத்தை தைக்கும் தம் தொழிலோடு இருந்துவிட்டார். மெக்கார்ட்னியோ அறுபது ஆண்டு கழித்தும் தம் கச்சேரிகளில் இதே பாடலைப் பல்லாயிரம் பேர் முன்னிலையில் பாடிக்கொண்டிருந்தார்.

அடுத்து வரும் மூன்று பதிவுகள் 1960-இல் வீட்டில் ஒலிநாடாவில் பிடிக்கப்பட்டவை. டிரம்மர் இல்லை. பேஸ் கிதார் வாசிப்பவர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப். ஓவியக் கல்லூரியில் லெனனின் நண்பர். தம் ஓவியம் ஒன்று விலைபோன பணத்தைக் கொண்டு அந்தக் கிதாரை வாங்கியவர். இசையைக் காட்டிலும் ஓவியத்திலேயே அவர் மனம் இருந்தது. 1961-இல் குழுவை விட்டு விலகி, அவர்கள் கச்சேரி செய்துவந்த ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலேயே ஓவியம் பயிலத் தங்கியவர், 1962 ஏப்ரலில் 21 வயதில் மறைந்தார். இந்த மூன்று பதிவுகளையும் ஒருமுறை கேட்டால் போதும். இசையாக இவற்றில் அதிகம் தேறாது. ஆனால் அதுவரை கிதார் வாசித்துவந்த மெக்கார்ட்னி பேஸ் கிதாருக்கு மாற நேர்ந்தது சட்கிளிஃபின் விலகலால்தான் என்பதை நினைவில் வைத்துக் கேட்டால், பின்னாளில் ராக் இசையின் தலைசிறந்த பேஸ் கலைஞர்களில் ஒருவராகப் போற்றப்பட்டவர் இங்கே அந்தக் கருவியைத் தொடாமலே இருக்கிறார் என்பது கவனத்துக்கு வரும்.

ஹாம்பர்க் பதிவுகளில் அவர்கள் வேறொருவருக்குப் பக்கவாத்தியம். 1961 ஜூனில் பெர்ட் கேம்ப்ஃபெர்ட் தயாரிப்பில் டோனி ஷெரிடன் பாடிய ‘மை பானி’க்குப் பின்னணி வாசித்தார்கள், ஜெர்மனியில் தட்டு வெளியானபோது உறையில் ‘பீட் பிரதர்ஸ்’ என்று பெயரை மாற்றிப் போட்டார்கள். அதே அமர்வில் பாட்டில்லாமல் அவர்கள் வாசித்த ‘க்ரை ஃபார் எ ஷேடோ’ இந்தத் தொகுப்பின் நல்ல கண்டுபிடிப்புகளில் ஒன்று. இயற்றியவர்கள் ஹாரிசனும் லெனனும். மெக்கார்ட்னி–ஹாரிசன் இணையைப் போலவே இதுவும் ஒரே ஒருமுறை நிகழ்ந்த இணை. பாடல்களை இயற்றியவர்கள் என்று லெனன்–மெக்கார்ட்னி என்ற பெயர்ப்பலகை மாட்டப்படும் வரை இந்தக் குழுவுக்குள் யாரும் யாருடனும் சேர்ந்து எழுதலாம் என்ற நிலை இருந்திருக்கிறது. அதற்குரிய இரண்டு சாட்சிகளையும் இந்த ஒரே குறுந்தகட்டில் அடுத்தடுத்துக் கேட்க முடிகிறது.

1962 ஜனவரி 1-ஆம் நாள் லண்டனில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தின் தேர்வுக்காக வாசித்த 15 பாடல்களில் ஐந்து இங்கே உள்ளன. முந்தைய நாள் லிவர்பூலிலிருந்து அவர்களைக் கடும் பனியில் வேனில் ஓட்டிவந்தவர் நீல் ஆஸ்பினால். கணக்கர் பயிற்சியிலிருந்த அந்த இளைஞர் பின்னர் பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்துக்கே தலைவராகி, இந்த ஆந்தாலஜித் திட்டத்தையும் முன்நின்று நடத்தினார். கருவி ஏந்தாமலே இந்தக் குழுவுடன் நெடுந்தூரம் வந்தவர் அவர்தான்.

டெக்கா அவர்களை நிராகரித்ததைப் பற்றி இரண்டு கருத்துகள் வழக்கத்தில் உள்ளன. மேதைகளை அடையாளம் காணத் தவறிய நிறுவனத்தின் அறியாமை என்பது ஒன்று. பதற்றத்தில் சொதப்பினார்கள் என்பது மற்றொன்று. கேட்டுப் பார்த்தால் இரண்டாவதில்தான் அதிக நியாயம் இருக்கிறது. ‘லைக் டிரீமர்ஸ் டூ’வில் மெக்கார்ட்னியின் குரல் தேவைக்கு மேல் நடுங்குகிறது. இங்கே உள்ள ஐந்தில் இரண்டில் முன்னணிக் குரல் ஹாரிசனுடையது. அவர்தான் நிதானமாக இருக்கிறார். ‘த்ரீ கூல் கேட்ஸ்’ பாடலில் அவர் காட்டும் சொல்நயத்தைக் கேட்கும்போது, புகழ் வந்த பிறகு ஒரு தட்டுக்கு ஓரிரு பாடல் என்று அவரை ஒதுக்கியது எவ்வளவு பெரிய விரயம் என்று தோன்றுகிறது. லெனனின் அதட்டல் குரல் எங்கும் இல்லை. மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் விரும்பியபடி பலதரப்பட்ட பாடல்களை அடுக்கியதில், லிவர்பூல் கேவர்ன் அரங்கில் அவர்களுக்குக் கூட்டம் சேர்த்த முரட்டுத்தனம் வெளியிலேயே நின்றுவிட்டது. பதினைந்தையும் தராமல் ஐந்தோடு நிறுத்திக்கொண்ட தொகுப்பாளர்களின் முடிவு இங்கே சரியானதே.

இனி, இத்தொகுப்பின் மையம் என்று நான் கருதும் பகுதி. முதல் குறுந்தகட்டின் 22, 23, 24-ஆம் பதிவுகள் மூன்றும் 1962 ஜூன் முதல் செப்டம்பர் வரை லண்டனில் இஎம்ஐ நிறுவனத்தின் அபே ரோடு கூடத்தில் பதிவானவை. மூன்றிலும் டிரம்ஸ் வாசித்திருப்பவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள்.

22-ஆவது, ஜூன் 6 அன்று பதிவான ‘லவ் மீ டூ’. வாசித்தவர் குழுவின் அப்போதைய டிரம்மர் பீட் பெஸ்ட். அந்த அமர்வின் மூல நாடாக்கள் அழிக்கப்பட்டுவிட்டன. இந்தப் பாடலின் ஒரு பிரதித் தட்டு, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் வீட்டிலேயே 1990-களில் கிடைத்தது. அதன் தொடக்கத்தில் காலப்பிரமாணம் மிகவும் தளர்ந்திருக்கிறது. பல்லவி முடிந்து பாட்டு வேறு பகுதிக்குத் திரும்பும் இடத்தில் பெஸ்ட் திடீரென்று நடையை மாற்றி, துள்ளலான ஒரு தாளக்கட்டுக்குப் போகிறார். அங்கே மொத்தக் குழுவும் ஒருகணம் தடுமாறி, அவரைப் பிடிக்க ஓடுகிறது. திரும்பி வரும்போது பழைய வேகம் சரியாகக் கைகூடவில்லை. கச்சேரி மேடையில் இரைச்சலிலும் ஆரவாரத்திலும் எடுபட்டிருக்கக்கூடிய ஒரு உத்தி, ஒலிவாங்கியின் முன்னால் நிர்வாணமாக நிற்கிறது. மார்ட்டின் அதைக் கேட்டுவிட்டு, பதிவுக்கு வேறு டிரம்மரை வைத்துக்கொள்வேன் என்று எப்ஸ்டைனிடம் சொன்னார். ஆகஸ்ட் 16 அன்று பெஸ்ட் நீக்கப்பட்டார். நீக்கத்துக்குப் பொறாமை, தலைமுடி, பழகும் விதம் என்று எத்தனையோ காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் உண்மை இருக்கலாம். ஆனால் இந்தப் பதிவைக் கேட்ட பிறகு இசைக் காரணமே இல்லை என்று வாதிடுவது கடினம்.

23-ஆவது, செப்டம்பர் 4 அன்று பதிவான ‘ஹௌ டூ யூ டூ இட்’. இப்போது ரிங்கோ ஸ்டார் வந்துவிட்டார். அவர் புதுமுகம் அல்லர். ரோரி ஸ்டார்ம் அண்ட் தி ஹரிக்கேன்ஸ் என்ற, ஒரு காலத்தில் லிவர்பூலில் பீட்டில்ஸைவிடப் பெயர் பெற்றிருந்த குழுவின் டிரம்மர். கோடைக்கால விடுமுறை முகாம்களில் நாள்தோறும் ஆட்டக்காரர்களுக்காக வாசித்துக் கை பழகியவர். முகாமிலிருந்தபடியேதான் அழைப்பை ஏற்றார். பாட்டு மிட்ச் மரே என்ற வெளியாள் எழுதியது. மார்ட்டினின் வற்புறுத்தலுக்காக அரைமனதோடு பாடியிருக்கிறார்கள் என்பது குரலிலேயே தெரிகிறது. ஆனால் தாளம் இம்முறை நடுங்கவில்லை. வெளியிட வேண்டாம் என்று அவர்கள் பிடிவாதமாக நின்ற அதே பாட்டை ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் குழு 1963-இல் பாடி இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது.

24-ஆவது, ஒரு வாரம் கழித்துச் செப்டம்பர் 11 அன்று பதிவான ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’யின் முந்தைய வடிவம். மார்ட்டின் தரப்பு ரிங்கோவிடமும் முழு நம்பிக்கை வைக்காமல், ஆண்டி ஒயிட் என்ற கூலிக்கு வாசிக்கும் அனுபவசாலியை வரவழைத்திருந்தது. ஒயிட்டின் வாசிப்பில் பிழையே இல்லை. சுத்தமாக, அளவாக, அடுத்த வேலைக்குப் போக வேண்டியவரைப் போல வாசிக்கிறார். எனக்கு இது ஒட்டவில்லை. ஹார்மோனிகாவும் இதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து ரிங்கோவோடு மீண்டும் பதிவு செய்து வெளியிட்ட வடிவத்தை அறிந்தவர்கள், ஒரு டிரம்மர் தாளத்தைக் காப்பதற்கும் பாட்டைத் தள்ளிக்கொண்டு போவதற்கும் இடையிலுள்ள தூரத்தை இங்கே அளந்துகொள்ளலாம்.

முதல் குறுந்தகடு 1963 அக்டோபரில் சுவீடன் வானொலிக்காக ஸ்டாக்ஹோமில் வாசித்த ஐந்து பாடல்களோடு முடிகிறது. ஓர் ஆண்டு முன்பு தயங்கித் தயங்கிப் பாடியவர்கள்தாமா இவர்கள் என்ற ஐயம் எழும். ரிங்கோவின் சிம்பல்கள் ஓயாமல் அதிர்கின்றன. ‘மணி’ பாடலில் லெனன் டெக்காவில் அடக்கிவைத்த எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கிறார். இதற்குப் பிறகு வந்த மேடைக் கச்சேரிகளில் ரசிகர்களின் கூச்சலே பெரும்பாலும் பதிவானது என்பதால், மேடைக் குழுவாக அவர்களின் முழு வலுவைக் காட்டும் சான்றுகளில் இந்த ஐந்தும் முன்வரிசையில் நிற்கும்.

இரண்டாம் குறுந்தகடு புகழின் உச்சியில், 1963 இறுதியிலிருந்து 1964 வரை பதிவானது. இதில் எனக்கு அதே ஆர்வம் இல்லை. நமக்குத் தெரிந்த பாடல்கள், தெரிந்த வடிவத்துக்குச் சற்று முன்னால் நிற்கின்றன. விதிவிலக்குகள் இரண்டு. ‘ஐ’ல் பி பேக்’ பாடலை முதலில் திஸ்ர நடையில் முயன்று, லெனன் சொற்களை அதற்குள் அடக்க முடியாமல் திணறி நிறுத்துகிறார். அடுத்த முயற்சியிலேயே சதுஸ்ரத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். ஒரு பாட்டு தன் நடையைக் கண்டடையும் தருணம் இரண்டே நிமிடத்தில் காதில் விழுகிறது. மற்றொன்று, 1964 ஜூனில் ஹாரிசன் தனியாகப் பாடிப் பதிவு செய்து, குழு எடுத்துக்கொள்ளாமலே விட்டுவிட்ட ‘யூ நோ வாட் டூ டூ’. பெரிய பாடல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒதுங்கி நின்ற மனிதர்தான் குழு கலைந்த 1970-ஆம் ஆண்டிலேயே, தேங்கிக் கிடந்த பாடல்களைக் கொண்டு மூன்று தட்டுகள் அடங்கிய ஒரு தொகுப்பை வெளியிட்டு, நால்வரில் முதலாமவராகத் தனித்து எழுந்து நின்றார்.

புகழுக்குப் பிந்தைய பகுதியாக இதில் இருப்பது ‘ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்’ ஒன்றே. லெனன் 1977 வாக்கில் நியூயார்க் வீட்டில் பியானோவை வைத்துக்கொண்டு சாதாரண கேசட்டில் பாடிவைத்திருந்த அரைகுறைப் பாடல் அது. லெனன் மறைந்த பின், அவரது மனைவி யோகோ ஓனோ 1994-இல் மெக்கார்ட்னியிடம் கொடுத்த அந்த நாடாவின் மேல், மற்ற மூவரும் சசெக்ஸில் உள்ள மெக்கார்ட்னியின் கூடத்தில் வாசித்துச் சேர்த்தார்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அல்லர். ஹாரிசனின் தனித்தட்டிலும், அவர் சேர்ந்திருந்த டிராவலிங் வில்பரிஸ் குழுவிலும் உடன் பணியாற்றிய ஜெஃப் லின். அதனால் பாட்டு பீட்டில்ஸின் 1969-ஐத் தொடர்வதாக ஒலிக்காமல், ஹாரிசனின் 1980-களைத் தொடர்வதாக ஒலிக்கிறது. டிரம்ஸ் கனத்து, வேகம் சற்றுப் பாரமாக இருக்கிறது. லெனனின் குரல் தொலைபேசிக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்கிறது. இவை குறைகள்தாம். பாட்டின் உயிர் ஹாரிசனின் ஸ்லைடு கிதாரில், அதாவது தந்திகளின் மேல் ஒரு குழாயை வழுக்கி வாசிக்கும் முறையில், இருக்கிறது. பீட்டில்ஸ் காலத்தில் அவர் அந்தப் பாணிக்காரர் அல்லர். சிதார் பயின்று விட்டுத் திரும்பி, குழுவின் கடைசிக் காலத்திலும் அதன் பிறகும் வளர்த்தெடுத்த கை அது. ஒரே ஒரு சுரத்தை இழுத்து அவர் வளைக்கும் இடத்தில், தனி இசைவாழ்வில் ஒருவர் ஈட்டியது பழைய குழுவுக்குள் மீண்டு வந்து பங்களிக்கிறது. மெக்கார்ட்னிக்கும் ரிங்கோவுக்கும் இதே போன்ற ஒரு தருணம் இந்தப் பாட்டில் வாய்க்கவில்லை. நான்காம் தொகுப்பில் ஜெஃப் லின் லெனனின் குரலைப் பிரித்தெடுத்துச் செய்த புதிய கலவை குரலின் மங்கலைப் பெருமளவு நீக்கியிருக்கிறது.

இந்தப் பாடலை முதல் பதிவாக வைத்தது வணிகக் கணக்கு. கேட்பவருக்கு அது இடைஞ்சல். 1994-இன் பளபளப்பிலிருந்து நேராக 1958-இன் கீறல் தட்டுக்குத் தள்ளப்படுகிறோம். மூன்றாம் பதிவிலிருந்து தொடங்கி, இரண்டு குறுந்தகடுகளையும் முடித்துவிட்டு இதைக் கடைசியாகக் கேட்குமாறு பரிந்துரைக்கிறேன். இடையிடையே வரும் பேச்சுத் துணுக்குகளை முதல்முறைக்குப் பிறகு தாண்டிவிடலாம். இணையவழிக் கேட்புச் சேவைகளில் பாடல்களைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலிட முடியும் என்பதால் இது எளிது. ஆனால் அங்கே பீட்டில்ஸ் ஆய்வாளர் மார்க் லூயிசன் எழுதிய குறிப்பேடு கிடைக்காது. ஒவ்வொரு பதிவுக்கும் நாள், இடம், வாசித்தவர் ஆகிய விவரங்களைத் தரும் அந்தக் குறிப்புகள் இல்லாமல் முதல் குறுந்தகட்டின் பாதி வெறும் தெளிவில்லாத ஒலியாகவே போய்விடும்.

உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரைந்தவர் கிளாஸ் வூர்மன். ஹாம்பர்க் நாட்களின் நண்பர், பின்னாளில் லெனன், ஹாரிசன் ஆகியோரின் தனித்தட்டுகளில் பேஸ் கிதார் வாசித்தவர். கிழிந்த சுவரொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருப்பதுபோல் அமைத்திருக்கிறார். அவற்றுள் பழைய படம் ஒன்றில் பீட் பெஸ்டின் தலை இருந்த இடம் கிழிக்கப்பட்டு, அங்கே ரிங்கோவின் முகம் தெரிகிறது. ஓவியமாகப் பார்த்தால் சாமர்த்தியம். மனிதராகப் பார்த்தால் கொஞ்சம் கொடுமை.

ஏனெனில் இந்தத் தொகுப்பின் பத்துப் பதிவுகளில் டிரம்ஸ் வாசித்திருப்பவர் பெஸ்ட்தான். நீக்கத்துக்குப் பிறகு அவர் லீ கர்ட்டிஸின் குழுவிலும், பிறகு தம் பெயரிலேயே அமைத்த குழுவிலும் வாசித்தார். எதுவும் எடுபடவில்லை. 1968-இல் இசையை விட்டுவிட்டு, வேலைவாய்ப்புத் துறையில் அரசு ஊழியராக இருபது ஆண்டுகள் பணியாற்றினார். 1988-இல் மீண்டும் மேடையேறி, சொந்தக் குழுவோடு உலகம் சுற்றி, 2025-இல் ஓய்வு பெற்றார். ‘ஆந்தாலஜி 1’ வெளியானபோதுதான், 33 ஆண்டுகளுக்கு முன் வாசித்ததற்கான உரிமத்தொகை கணிசமான அளவில் அவருக்குக் கிடைத்தது. 2008-இல் அவரது குழு வெளியிட்ட தட்டின் முகப்பில், வூர்மனின் உறையிலிருந்து கிழித்தெடுக்கப்பட்ட அந்தத் துண்டுப் படம் இருக்கிறது.

பீட்டில்ஸைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் இதை இப்போது வாங்க வேண்டாம். 1963 முதல் 1969 வரையிலான தட்டுகளைக் கேட்டு முடித்துவிட்டு வரலாம். ஏற்கெனவே 1995-ஆம் ஆண்டுப் பதிப்பை வைத்திருப்பவர்கள், மறுசீரமைப்புக்காக மட்டும் மீண்டும் செலவிடத் தேவையில்லை. கீறல் தட்டில் பதிவான ஒலியை ஓரளவுக்கு மேல் யாராலும் சுத்தப்படுத்த முடியாது. டிரம்ஸ் கற்றுக்கொண்டிருப்பவர்கள் வீட்டில் இருந்தால், 22 முதல் 24 வரையிலான அந்த மூன்று பதிவுகளையாவது ஒரே மூச்சில் கேட்கச் சொல்லுங்கள்.